அலை சொன்ன உண்மை

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி, கரியாலூர்



"தராசு பொய் சொல்லுமா?" சென்ற கோடை விடுமுறையில் எங்கள் கடைவாசலில் எழுந்த கேள்வி இது. இதற்கு விடை தேடிப் போன இடத்தில்தான் ஆசிலோஸ்கோப் என்னும் கருவியை முதன்முதலாகக் கண்டேன். தமிழில் அதனை அலைவுகாட்டி எனலாம். அதன் திரையில் நான் கண்ட அலைகளையும், அவற்றைப் படிக்க என் தாய்மாமன் கற்றுத் தந்த முறையையும் இக்கட்டுரையில் எழுதுகிறேன். நம் அறிவியல் மன்றத்தில் நான் இதைப் பற்றிப் பேசியபோது நீங்கள் கேட்ட கேள்விகளுக்கும் இதில் விடை உண்டு.

கடையில் நடந்தது

கரியாலூர், கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் கல்வராயன் மலைமேல் உள்ள ஊர். கச்சிராயபாளையத்தையும் கோமுகி அணையையும் கடந்து, வளைந்து வளைந்து ஏறும் பாதையில் பேருந்து வந்து சேரும். அங்கே என் தந்தை ஒரு சிறிய மளிகைக்கடை வைத்திருக்கிறார். மலைமக்கள் கொண்டுவரும் புளி, கடுக்காய், தேன், சாமை ஆகியவற்றை எடைபோட்டு வாங்குவதும் உண்டு.

எங்கள் கடையில் உள்ளது 30 கிலோ வரை நிறுக்கும் மின்னணுத் தராசு. 5 கிராமுக்கு ஒரு படியாக எண் மாறும். அதன் உள்ளே இருந்த பாட்டரி செத்துப் பல மாதங்கள் ஆகிவிட்டபடியால், சுவரில் செருகிய 12 வோல்ட் அடாப்டரால் மட்டுமே அது இயங்கிவந்தது.

ஒரு நாள் காலை ஒரு மூதாட்டி புளி மூட்டையைத் தலையில் சுமந்து வந்தார். தட்டில் வைத்ததும் எண் 4.185 என்று காட்டியது. பின்பு 4.210. பின்பு 4.230. மறுபடியும் 4.190. நிற்கவே இல்லை.

"ஏப்பா, ஒரே புளிக்கு எத்தனை எடை? உன் தராசு பொய் சொல்லுது" என்றார் அவர்.

"ஆயா, கோபிச்சுக்காதீங்க. பெரிய எண்ணுக்கே காசு தரேன்" என்றார் அப்பா.

"பெரிய எண்ணுதான் நிசம்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அப்பாவிடம் இதற்கு விடை இல்லை. அந்த மூதாட்டி மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். கடைவாசலில் நின்ற நான்கைந்து பேரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அன்று மாலைக்குள் இந்தச் செய்தி ஊரெங்கும் பரவியது. அன்று இரவு அப்பா சாப்பிடவில்லை. மலைமேல் கடை நடத்துகிறவனுக்கு முதலே நம்பிக்கைதான் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

தராசைத் திறந்து பார்க்கலாம் என்றேன். அப்பா கூடாது என்றார். வணிகத் தராசில் எடையளவுத் துறையினர் சோதித்து முத்திரை இட்டிருப்பார்கள். அந்த முத்திரையை நாமே உடைப்பது குற்றம். எனவே கள்ளக்குறிச்சியில் தொலைக்காட்சி, வானொலி பழுதுபார்க்கும் என் மாமாவைத் தொலைபேசியில் அழைத்தோம்.

"மச்சான், தராசைத் தொடவேண்டாம். அடாப்டரைக் கழற்றிவிட்டு, உங்கள் மோட்டார் சைக்கிளின் 12 வோல்ட் பாட்டரியிலிருந்து மின்சாரம் கொடுத்துப் பாருங்கள். கூட்டல் கழித்தல் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார் மாமா.

அப்படியே செய்தோம். முத்திரை பதித்த 1 கிலோ இரும்புக்கல்லைத் தட்டில் வைத்தோம். 1.000 என்ற எண் அசையாமல் நின்றது! அடாப்டரை மாட்டினோம், மீண்டும் ஆடியது. ஆகவே தராசின் மேல் குற்றமில்லை. அதற்கு ஊட்டப்படும் மின்சாரத்தில்தான் ஏதோ கோளாறு.

ஆனால் ஒன்று புரியவில்லை. மின்னியலாளர் ஒருவரிடம் இருந்த மல்டிமீட்டரை வாங்கி அடாப்டரை அளந்தபோது 11.9 வோல்ட் என்று சரியாகவே காட்டியது. 12 வோல்ட்டில் 11.9 இருந்தால் என்ன குறை? இந்தப் புதிரோடு அடாப்டரைப் பையில் போட்டுக்கொண்டு மறுநாள் கள்ளக்குறிச்சிக்குப் பேருந்து ஏறினேன்.

அடாப்டருக்குள் என்ன நடக்கிறது?

மின்மாற்றியைப் பற்றி ஒன்பதாம் வகுப்பில் படித்திருக்கிறோம். முற்காலத்து அடாப்டர்களில் இரும்பு உள்ளகம் கொண்ட ஒரு மின்மாற்றி இருக்கும். கையில் எடுத்தால் கல்லைப்போல் கனக்கும். இன்றைய அடாப்டரோ தீப்பெட்டிகள் இரண்டைச் சேர்த்து வைத்தாற்போல் இருக்கிறது. இதற்குள் இருப்பது எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் ஸ்விட்சிங் முறை மின்வழங்கி.

நம் வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மாறுமின்சாரம் விநாடிக்கு 50 முறை ஏறி இறங்குகிறது. அடாப்டர் முதலில் அதனை டையோடுகளால் ஒருதிசை மின்சாரமாக மாற்றி ஒரு மின்தேக்கியில் சேமிக்கிறது. 230ஐ 1.414ஆல் பெருக்கினால் வரும் 325 வோல்ட்தான் அலையின் உச்சம்; மின்தேக்கி அந்த அளவுக்கு நிரம்புகிறது. பிறகு ஒரு டிரான்சிஸ்டர் அந்த மின்சாரத்தை விநாடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடுகிறது. இவ்வாறு துண்டு துண்டாக வெட்டப்பட்ட மின்சாரம் ஒரு சிறு ஃபெரைட் மின்மாற்றி வழியே மறுபுறம் போய், மீண்டும் ஒரு டையோடையும் மின்தேக்கியையும் கடந்து 12 வோல்ட்டாக வெளிவருகிறது. வெளியே மின்னழுத்தம் குறைந்தால் கூடுதலாகவும், மிகுந்தால் குறைவாகவும் ஆற்றலை அனுப்பும்படி உள்ளே ஒரு கட்டுப்பாட்டுச் சில்லு காவல் காக்கிறது.

இவ்வளவு வேகமாக வெட்டுவதால் என்ன லாபம்? 12 வாட் ஆற்றலை விநாடிக்கு 100 தவணையில் அனுப்பினால் ஒரு தவணைக்கு 0.12 ஜூல் வேண்டும். அதையே 65,000 தவணையில் அனுப்பினால் ஒரு தவணைக்கு 0.0002 ஜூல்கூட வேண்டாம். சுனையிலிருந்து பெரிய அண்டாவால் நூறு முறை நீர் சுமப்பதற்குப் பதில், சிறு கிண்ணத்தால் பல்லாயிரம் முறை மொண்டு ஊற்றுவது போன்றது இது. கிண்ணம் சிறியதாகையால் மின்மாற்றியும் சிறியதாகிறது. 1977ஆம் ஆண்டு வெளிவந்த ஆப்பிள் 2 கணினியில் ராட் ஹோல்ட் என்னும் பொறியாளர் இம்முறையைப் பயன்படுத்தி மின்வழங்கியின் எடையையும் சூட்டையும் குறைத்தார். இன்று கைபேசி மின்னேற்றி, எல்.இ.டி. விளக்கு, தொலைக்காட்சி என இது நுழையாத வீடு அரிது.

ஆனால் கிண்ணத்தால் ஊற்றும்போது தொட்டியில் நீர்மட்டம் தளும்பும் அல்லவா? அத்தளும்பலை அடக்குவது வெளிப்பக்க மின்தேக்கியின் வேலை. மல்டிமீட்டரோ சராசரி நீர்மட்டத்தை மட்டுமே சொல்லும். தளும்பலைக் காண வேண்டுமானால் அலைவுகாட்டி வேண்டும்.

அலைவுகாட்டியைப் படிக்கும் முறை

1897ஆம் ஆண்டு ஜெர்மானிய அறிஞர் ஃபெர்டினாண்ட் பிரான், எதிர்மின் கதிர்க் குழாயைக் கொண்டு மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தைக் கண்ணால் காணச் செய்தார். 1909இல் மார்க்கோனியுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் இவரே. அப்பரிசு கம்பியில்லாத் தந்திக்காக. பிரானின் குழாயே அலைவுகாட்டிக்குத் தாய். 1947இல் டெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட 511 என்னும் அலைவுகாட்டி, அலையைத் திரையில் அசையாமல் நிறுத்திப் படிக்கும் வசதியைப் பலருக்கும் கொண்டுவந்தது.

மாமாவிடம் இருந்தது பச்சைத் திரை கொண்ட பழைய 20 மெகாஹெர்ட்ஸ் அலைவுகாட்டி. திரையில் குறுக்காக 10 கட்டங்களும் நெடுக்காக 8 கட்டங்களும் உண்டு. குறுக்கே செல்வது காலம். மேலே ஏறுவது மின்னழுத்தம். ஒரு கட்டத்துக்கு எத்தனை வோல்ட், ஒரு கட்டத்துக்கு எவ்வளவு நேரம் என்பதை இரண்டு குமிழ்களால் அமைக்கலாம். கட்டங்களை எண்ணிப் பெருக்கினால் அளவு கிடைத்துவிடும். கணக்கு நோட்டில் வரைபடத்தாள் படிப்பது போலத்தான்!

மூன்றாவது ஒரு குமிழுக்கு ட்ரிக்கர் என்று பெயர். ஊஞ்சல் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்துக்கு வரும்போது புகைப்படம் எடுத்தால், எல்லாப் படங்களும் ஒன்றுபோல இருக்கும். அதுபோல அலை ஒரு குறிப்பிட்ட உயரத்தைக் கடக்கும்போது மட்டும் வரையத் தொடங்கு என்று கருவிக்குச் சொல்வதே ட்ரிக்கர். இல்லையேல் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடிக் குழம்பிவிடும்.

மாமா எடுத்த எடுப்பில் எங்கள் அடாப்டரைச் சோதிக்கவில்லை. அலைவுகாட்டியிலேயே சோதனைக்கென ஒரு சதுர அலை வரும் முனை உண்டு. அதில் புரோப்பின் நுனியைத் தொட்டார். சதுரத்தின் மூலைகள் சற்று மழுங்கியிருந்தன. புரோப்பில் இருந்த சிறு திருகைத் திருப்பி மூலைகளைக் கூராக்கிய பிறகே வேலையைத் தொடங்கினார். "அளக்கிற கருவியை முதலில் அளந்து பார்க்கவேண்டும், பாப்பா" என்றார்.

முதல் அலை: வீட்டு மின்சாரம்

வீட்டு மின்சாரத்தை நேரடியாக அலைவுகாட்டியில் இணைக்கலாகாது. ஆகவே ஒரு சிறு மின்மாற்றியால் மின்னழுத்தத்தைக் குறைத்துக் காட்டினார். ஒரு கட்டத்துக்கு 5 மில்லி விநாடி. ஒரு முழு அலை 4 கட்டம் நீண்டது. 4ஐ 5ஆல் பெருக்கினால் 20 மில்லி விநாடி. விநாடிக்கு 50 அலைகள். பாடப்புத்தகம் சொன்னது கண்முன்னே நின்றது.

ஆனால் புத்தகத்தில் வரைந்திருப்பதுபோல் உச்சி உருண்டையாக இல்லை. சற்றே தட்டையாக இருந்தது. ஏன் என்று கேட்டேன். சாதாரண அடாப்டர்களும் மின்னேற்றிகளும் அலையின் உச்சியில் மட்டுமே மின்தேக்கியை நிரப்ப மின்சாரத்தை உறிஞ்சுகின்றனவாம். தெருவிலுள்ள எல்லா வீடுகளிலும் ஒரே கணத்தில் இது நடப்பதால் அலையின் தலை மழுங்குகிறது. ஒவ்வொருவரும் எடுப்பது சிறிதுதான்; ஆயினும் ஊரே சேர்ந்தால் அலையின் வடிவமே மாறிவிடுகிறது!

இரண்டாம் அலை: நல்ல அடாப்டரும் எங்கள் அடாப்டரும்

அடுத்து, நல்ல நிலையிலிருந்த வேறொரு 12 வோல்ட் அடாப்டரை எடுத்து, அதன் வெளிமுனையில் 100 ஓம் மின்தடையை இணைத்தார். ஓம் விதிப்படி 12ஐ 100ஆல் வகுத்தால் 0.12 ஆம்பியர். எங்கள் தராசும் ஏறத்தாழ அவ்வளவே எடுக்கும் என்பதால் இந்த ஏற்பாடு.

முதலில் ஒரு கட்டத்துக்கு 5 வோல்ட் என்று வைத்தார். திரையில் நேர்கோடு. எங்கள் அடாப்டரை மாற்றி இணைத்தார். அதிலும் ஏறக்குறைய நேர்கோடுதான். சற்றே தடித்திருந்தது, அவ்வளவே. "மல்டிமீட்டர் பார்த்தது இதைத்தான்" என்றார் மாமா.

பின்பு ஒரு பொத்தானை டி.சி.யிலிருந்து ஏ.சி.க்கு மாற்றினார். அப்படிச் செய்தால் 12 வோல்ட் என்ற பெரிய அடித்தளம் மறைந்து, அதன்மேல் ஏறி நிற்கும் தளும்பல் மட்டும் திரைக்கு வரும். அதைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். இது எனக்குப் பெருவியப்பாக இருந்தது. யானையின் முதுகில் ஊரும் எறும்பைப் பார்க்க வேண்டுமானால் யானையைப் பார்வையிலிருந்து விலக்கத்தானே வேண்டும்!

நல்ல அடாப்டரில், ஒரு கட்டத்துக்கு 50 மில்லி வோல்ட் என்ற அமைப்பில், சிறுசிறு பற்கள் தெரிந்தன. உயரம் ஒன்றேகால் கட்டத்துக்கும் சற்றுக் குறைவு. அதாவது சுமார் 60 மில்லி வோல்ட். ஒரு கட்டத்துக்கு 5 மைக்ரோ விநாடி என்று விரித்தபோது, ஒரு பல்லிலிருந்து அடுத்த பல்லுக்கு 3 கட்டம். 15 மைக்ரோ விநாடி. விநாடிக்கு 66 ஆயிரம் முறைக்கு மேல் அந்த டிரான்சிஸ்டர் திறந்து மூடுகிறது என்பதை நானே கணக்கிட்டுச் சொன்னேன்.

எங்கள் அடாப்டரை இணைத்ததும் கோடு திரைக்கு வெளியே பாய்ந்தது. ஒரு கட்டத்துக்கு அரை வோல்ட் என்று குறைத்த பிறகே அடங்கியது. பற்களின் உயரம் 2.4 கட்டம், ஆக 1.2 வோல்ட். நல்ல அடாப்டரைப்போல் 20 மடங்கு! ஆனாலும் இரண்டிலும் சராசரி ஏறத்தாழ 12 வோல்ட்தான். மல்டிமீட்டர் பொய் சொல்லவில்லை. அதனிடம் நாங்கள் கேட்டது சராசரியை மட்டுமே.

உயரத்தைவிட வடிவமே முக்கியம் என்றார் மாமா. பல் ஒவ்வொன்றும் செங்குத்தாக ஒரே தாவலில் ஏறி, பிறகு சரிந்தது. மின்தேக்கி நன்றாக இருந்தால் மின்னோட்டம் வந்து விழும்போது மின்னழுத்தம் சிறிதே உயரும். செங்குத்தாகத் தாவினால், மின்தேக்கியின் உள்ளே ஒரு மின்தடை வளர்ந்துவிட்டது என்று பொருள். மின்னோட்டத்தை அந்தத் தடையால் பெருக்கினால் வருவதே அந்தத் தாவல். நாம் படித்த அதே ஓம் விதி!

பிறகு காலக் குமிழைத் திருப்பி ஒரு கட்டத்துக்கு 1 மில்லி விநாடி என்று வைத்தார். சுமை குறைவாக இருக்கும்போது இவ்வகை அடாப்டர், ஆற்றலை மிச்சப்படுத்தச் சில பற்களைக் கூட்டமாக அனுப்பிவிட்டுச் சற்று ஓய்வெடுக்கும். நல்ல அடாப்டரில் இந்தக் கூட்டங்கள் படைவீரர் நடையைப்போல் சீராக வந்தன. எங்களுடையதிலோ ஒரு முறை 1 கட்ட இடைவெளி, மறுமுறை ஒன்றரைக் கட்டம் என்று தாறுமாறாக வந்தன. எண் நிற்காமல் ஆடியதன் மூலம் இங்கேதான் இருந்தது.

மூன்றாம் அலை: மலையைப் போன்ற அலை

அடாப்டரின் உட்புறத்தில் 325 வோல்ட் பக்கத்தையும் பார்க்க ஆசைப்பட்டேன். மாமா என்னை இரண்டடி தள்ளி நிற்கவைத்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொன்னார். அலைவுகாட்டியின் தரைக்கவ்வி புவியிணைப்போடு சேர்ந்தது. அடாப்டரின் உட்பக்கம் மின்சாரக் கம்பியோடு நேராகத் தொடர்புடையது. இரண்டையும் சேர்த்தால் பெரும் பொறியோடு கருவி வெடிக்கும், ஆளுக்கும் ஆபத்து. அதனால் தனிப்படுத்தும் மின்மாற்றி ஒன்றை இடையில் வைத்து, உயர் மின்னழுத்தத்துக்கான தனிப் புரோப்பைக் கொண்டே அவர் அளந்தார்.

ஒரு கட்டத்துக்கு 100 வோல்ட். டிரான்சிஸ்டர் திறந்திருக்கும்போது கோடு தரையோடு கிடந்தது. மூடியவுடன் செங்குத்தாக ஏறி 500 வோல்ட்டையும் தாண்டி ஊசிபோல் ஒரு கூர்முனை, உடனே நடுங்கி அடங்கி, 400 வோல்ட்டுக்குச் சற்று மேலே ஒரு சமவெளி, பிறகு சரிவு, அதன்பின் 325ஐச் சுற்றி மேலும் கீழுமாகச் சில மேடுபள்ளங்கள். "மாமா, இது நம் மலையேதான்!" என்று கத்திவிட்டேன். அடிவாரத்திலிருந்து செங்குத்தான ஏற்றம், மேலே கரியாலூர்ச் சமவெளி, அப்பால் இறக்கமும் சிறு குன்றுகளும்!

இந்த மலையின் ஒவ்வொரு பகுதிக்கும் பொருள் உண்டு. மின்மாற்றியில் மறுபுறம் போய்ச் சேராமல் தங்கிய சிறிதளவு ஆற்றல் ஊசியாகிறது. ஊசி டிரான்சிஸ்டரின் தாங்கும் எல்லையை, அதாவது 600 அல்லது 650 வோல்ட்டை, மீறினால் டிரான்சிஸ்டர் செத்துவிடும். ஆற்றல் வெளிப்பக்கம் சென்றுகொண்டிருக்கும் நேரம் சமவெளியாகிறது. அனைத்தும் போய்ச் சேர்ந்தபின் எஞ்சும் அதிர்வே குன்றுகள். எங்கள் அடாப்டரில் இந்த மலை சரியாகவே இருந்தது. எனவே பழுது உட்பக்கத்தில் இல்லை, வெளிப்பக்க மின்தேக்கியில்தான்.

பொய்யான ஊசிகள்

இடையில் ஒரு வேடிக்கை. வெளிப்பக்கத்தை மீண்டும் பார்த்தபோது ஒவ்வொரு பல்லின் நுனியிலும் மயிரிழை போன்ற ஊசிகள் தெரிந்தன. இதுவும் பழுதா என்றேன். மாமா புரோப்பின் நுனியை அதன் தரைக்கவ்வியிலேயே கவ்வவைத்து, இரண்டையும் ஒன்றாக அடாப்டரின் கழித்தல் முனையில் தொட்டார். ஒரே இடத்தை அளந்தால் ஒன்றுமே தெரியக்கூடாது. ஆனால் ஊசிகள் அப்படியே இருந்தன!

தரைக்கவ்வியின் நீண்ட கம்பி ஒரு வளையமாகி, அருகிலுள்ள காந்தப்புல மாற்றத்தை வானொலி ஏரியலைப்போல் பிடித்துக்கொள்கிறதாம். நீண்ட கம்பியைக் கழற்றி, நுனிக்கு அருகிலேயே சிறு சுருள்கம்பியால் தரையைத் தொட்டதும் ஊசிகள் பெரும்பாலும் மறைந்தன. கருவி காட்டுவதையெல்லாம் அப்படியே நம்பியிருந்தால் இல்லாத குற்றத்தை அடாப்டரின் மேல் சுமத்தியிருப்போம்.

குற்றவாளி யார்?

மாமா அடாப்டரின் பலகையைக் காட்டினார். வெளிப்பக்க மின்தேக்கியின் தலை புடைத்திருந்தது. 470 மைக்ரோஃபாரட் இருக்கவேண்டிய அதில் 60கூட இல்லை. உள்ளே இருக்கும் திரவம் வெப்பத்தால் வற்றிப்போயிருந்தது.

இத்தகைய மின்தேக்கிகளின் மேல் 105 டிகிரி செல்சியஸ் என்று அச்சிட்டிருக்கும். அந்த வெப்பத்தில் 2000 மணி நேரம் உழைக்கும் என்பது ஒரு சாதாரண தரம். வெப்பம் 10 டிகிரி குறையுந்தோறும் ஆயுள் இரட்டிக்கும் என்பது பொறியாளர்கள் கைக்கொள்ளும் பொது விதி. 85 டிகிரியில் 8000 மணி; 65 டிகிரியில் 32,000 மணி. நாளுக்கு 12 மணி நேரம் இயங்கினால், முதலாவது இரண்டு ஆண்டுக்குள் முடிந்துவிடும். இரண்டாவது ஏழு ஆண்டுக்கு மேல் வரும். எங்கள் கடையில் அடாப்டர் எங்கே இருந்தது தெரியுமா? காற்றே படாமல், புளிச் சாக்குகளுக்குப் பின்னால்! சாக்கை அங்கே அடுக்கியது நான்தான். அதை மாமாவிடம் சொல்லும்போது வெட்கமாக இருந்தது.

இவ்வளவு சிறு தளும்பல் எடையை எப்படி ஆட்டும்? தராசுக்குள் எடையை உணரும் உலோகக் கட்டை ஒன்று உண்டு. அதற்கு 5 வோல்ட் கொடுத்தால், முழு 30 கிலோவுக்கும் அது திருப்பித் தருவது சுமார் 10 மில்லி வோல்ட்தான். 30 கிலோவில் 5 கிராம் படிகள் 6000. ஆக ஒரு படிக்கு 2 மைக்ரோ வோல்ட்டுக்கும் குறைவு! எங்கள் அடாப்டரின் 1.2 வோல்ட் தளும்பலில் லட்சத்தில் ஒரு பங்கு உள்ளே கசிந்தாலும் 12 மைக்ரோ வோல்ட்; அது ஏழு படி, அதாவது 35 கிராம். அந்த மூதாட்டியின் புளி 4.185க்கும் 4.230க்கும் இடையே ஆடியது 45 கிராம். கணக்கு ஏறத்தாழப் பொருந்துகிறது அல்லவா?

புதிய மின்தேக்கி ஒன்றைப் பற்றவைத்தார் மாமா. அதன் விலை ஒரு தேநீரின் விலைதான். மீண்டும் திரையைப் பார்த்தோம். தாவல் மறைந்து, தளும்பல் 60 மில்லி வோல்ட்டுக்குள் அடங்கியது.

வீட்டில் நாம் செய்யக்கூடியவை

தோழியரே, அடாப்டரையோ மின்னேற்றியையோ ஒருபோதும் திறக்காதீர்கள். செருகியைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 325 வோல்ட் சிறிது நேரம் தங்கியிருக்கும். ஆபத்தில்லாத இரண்டு சோதனைகளைச் சொல்கிறேன்.

1. மத்திய அலை வானொலியை நிலையம் இல்லாத இடத்தில் வைத்து, இயங்கும் கைபேசி மின்னேற்றியின் அருகே கொண்டு செல்லுங்கள். கரகரப்பு மிகுந்தால் அது ஸ்விட்சிங் அலையின் குரல். இத்தகைய இரைச்சல் எல்லைக்குள் இருக்கிறதா என்று சோதிக்கும் ஆய்வகங்கள் உண்டு. சென்னைத் தரமணியில் உள்ள சமீர் என்னும் மத்திய அரசு நிறுவனம் அவற்றுள் ஒன்று.

2. இரவில் எல்.இ.டி. விளக்கின் கீழ் ஒரு வெள்ளைப் பென்சிலை விரைவாக அசையுங்கள். பென்சில் பலவாகத் துண்டு துண்டாகத் தெரிந்தால், விளக்கு விநாடிக்கு 100 முறை மினுக்குகிறது. உள்ளே தளும்பலை அடக்கும் பகுதி போதாது. சீரான மங்கலாகத் தெரிந்தால் நல்லது.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடாப்டர்களைக் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். கட்டாயப் பதிவு ஆணையின் வழியே பல வகை அடாப்டர்களுக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பதிவு வேண்டும் என்றாகியுள்ளது. வாங்கும்போது அதன் முத்திரை உள்ளதா என்று பாருங்கள்.

அலைவுகாட்டி விலை மிகுந்தது என்று எண்ண வேண்டாம். புதுதில்லியில் உள்ள பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான முடுக்கி மையம் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்காக எக்ஸ்பைஸ் என்னும் சிறு கருவியை உருவாக்கியுள்ளது. அதைக் கணினியோடு இணைத்தால் கணினித் திரையே அலைவுகாட்டியாகும். அடாப்டரின் 12 வோல்ட் வெளிப்பக்கத்தைப் பார்க்க அது போதும். அப்படிப்பட்ட ஒன்று நம் ஆய்வகத்துக்கும் வரவேண்டும் என்பது என் ஆசை.

முடிவாக

அடாப்டரோடு நான் மலையேறினேன். அதைச் சாக்குகளுக்குப் பின்னால் வைக்காமல் சுவரில் உயரமாக மாட்டினோம். இரும்புக்கல்லை வைத்தோம். 1.000. அசையவில்லை. அப்பா அந்த எண்ணை வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு அந்த மூதாட்டிக்குச் சொல்லியனுப்பினார்.

அடுத்த வாரம் அவர் அதே புளியோடு வந்தார். "ஆயா, தப்பு தராசுமேல இல்ல, கரண்டுமேல. பொண்ணு பாத்துட்டு வந்துருக்கா" என்று சொல்லி, அப்பா முதலில் இரும்புக்கல்லை வைத்துக் காட்டினார். அவர் உற்றுப் பார்த்தார். கல்லை எடுக்கச் சொன்னார். "இன்னொரு தரம் வை" என்றார். அப்பா வைத்தார். மீண்டும் 1.000. அதன் பிறகே தன் மூட்டையைத் தட்டில் இறக்கினார். எடை 4.205. முன்பு அப்பா தருவதாகச் சொன்ன பெரிய எண்ணைவிட 25 கிராம் குறைவு. அவர் அதற்கே பணம் வாங்கிக்கொண்டு போனார்.

ஒருமுறைக்கு இருமுறை கல்லை வைக்கச் சொன்ன அந்த மூதாட்டிக்கும், அலைவுகாட்டியைத் தொடும் முன் அதையே சோதித்த என் மாமாவுக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்று இப்பொழுது எனக்குத் தோன்றுகிறது. இருவரும் சொன்னதைக் கேட்டு நம்பவில்லை. சோதித்துப் பார்த்து நம்பினார்கள். அறிவியல் என்பதும் அதுவே அன்றோ!

எங்கள் கடையில் இப்போதெல்லாம் காலையில் கதவைத் திறந்ததும், முதல் எடை அந்த இரும்புக்கல்தான்.